வெளிய வா, மூஞ்சப் பாக்கணும்

அந்த அம்மாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. டெல்லியில் ஒரே நாளில் மூன்று இடங்களில் அந்தப் பெயரைக் கேட்டார்கள். மூன்று இடங்களிலும் தப்பாக எழுதினார்கள். மூன்றாவது தடவை நான்தான் எழுத்துக்கூட்டிச் சொன்னேன், அப்படியும் தப்பு. அந்தப் பெயர் பட்ட பாடு போதும். எங்கள் தெருவில் அவருக்கு மீன்காரம்மா என்றுதான் பேர். அவருக்கு நான் 'டீச்சரு'.

மந்தைவெளியில் வீட்டுக் கூடத்திலேயே பிள்ளைகளுக்கு இந்தி டியூஷன் எடுக்கிறவள் நான். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். வீட்டுக்காரர் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறார். மீன் இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. அதனால் வாரத்தில் நான்கு நாளாவது மீன்காரம்மா எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். சாந்தோம் கடற்கரையை ஒட்டிய குப்பத்திலிருந்து நடந்தே வருவார். தலையில் அலுமினிய அன்னக்கூடை, அதன்மேல் ஈரச் சாக்கு, சாக்கின்மேல் அரிவாள்மனை.

கேட்டைத் திறந்துதான் வைத்திருப்பேன். ஆனாலும் ஓரடி உள்ளே வைக்க மாட்டார். தெருவில் நின்றபடியே கூப்பிடுவார். "டீச்சரு! வெளிய வா!" அந்தக் குரல் மூன்று தெரு தாண்டிக் கேட்கும். கூடத்தில் வினைச்சொல் ஒப்பித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அப்படியே நிறுத்திவிட்டுச் சிரிக்கும். எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் சித்திரை வெயிலில் அவர் நிற்பதைப் பார்த்து, "உள்ள வந்து நிழல்ல உக்காருங்கம்மா" என்றேன்.

"உள்ள வந்தா நான் உன் வீட்டுக்கு வந்தவ. வெளிய நின்னா நீ என் மீனுக்கு வந்தவ. எனக்கு எது நல்லது, நீயே சொல்லு" என்றார்.

இன்னொரு நாள் பாத்திரத்தைக் கொடுத்து என் மகளை அனுப்பினேன். அந்த அம்மா பாத்திரத்தை வாங்கவேயில்லை. "உங்கம்மா இன்னா பண்ணுது? வரச் சொல்லு. செவுளத் தூக்கிப் பாத்துட்டு வாங்கட்டும். நாளைக்கி மீனு கெட்டுக்கினு கீதுன்னு சொன்னா நான் யாரு மூஞ்சப் பாத்து பதில் சொல்றது?" என்று அவர் சொன்னது கூடத்தில் எனக்கு நன்றாகக் கேட்டது. பாதிப் பாடத்தில் எழுந்து போனேன். சங்கரா மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினார். ரத்தச் சிவப்பு. அதை நான் பார்த்தேன் என்பதை அவர் பார்த்த பிறகுதான் வெட்ட ஆரம்பித்தார்.

கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கவேண்டும். அந்த அம்மாவுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். அதற்காக எவ்வளவு நஷ்டப்பட்டார் என்பதை எங்கள் தெருவே பார்த்தது. தனி வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் வந்தன. கேட்டுக்குக் கேட்டு ஒரு செக்யூரிட்டி வந்தார். "மூணாவது மாடியில அரைக் கிலோ குடுத்துட்டுப் போகச் சொன்னாங்கம்மா. நான் மேல அனுப்பிடறேன்" என்பார் செக்யூரிட்டி.

"மீனு மேல போவும், மூஞ்சி கீழ வராதா?"

"லிஃப்ட் ரிப்பேர்மா."

"படி கீதில்ல?"

அதோடு அந்தக் கட்டடத்தையே விட்டுவிட்டார். அப்படி ஒவ்வொன்றாகப் பாதித் தெருவை விட்டார். "இவ்வளவு வீம்பு எதுக்கும்மா, காலம் மாறிப்போச்சு" என்று நான் அவரைக் கடிந்துகொண்டதுகூட உண்டு. அவர் அரிவாள்மனையைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

குப்பத்துக் குழாயில் ஒருமுறை சாக்கடை கலந்து வந்தது. பத்து நாளாக மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. தபாலாபீசுக்குப் போய்த் திரும்பும் வழியில் குடிநீர் அலுவலக வாசலில் கூட்டம் நிற்பதைப் பார்த்து எட்டிப் பார்த்தேன். நடுவில் நம் மீன்காரம்மா. கையில் ஒரு பழைய குளிர்பான பாட்டில், அதில் கலங்கிய தண்ணீர். உள்ளே இருந்து ஒருவர் வந்து, "டோக்கன் வாங்கிக்கிட்டு உள்ள உக்காரும்மா" என்றார்.

"உள்ள வந்தா ஃபேனுக்கு அடியில குந்த வெச்சிட்டு மறந்துடுவீங்க. நான் இங்கயே நிக்கறேன். அவரு வரட்டும்" என்றவர் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு குரல் கொடுத்தார். "இன்ஜினியரு! வெளிய வா! ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ!"

முக்கால் மணி நேரம் கூப்பிட்டார். கெட்ட வார்த்தை ஒன்று இல்லை. கொடி இல்லை, கோஷம் இல்லை. ஒரே வரி, மீன் விற்கிற அதே ராகம். ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து நின்றார்கள். கடைசியில் பொறியாளர் வந்தார். சின்ன வயதுக்காரர், முகம் சிவந்துபோயிருந்தது. அந்த அம்மா பாட்டிலைத் திறந்து, "மோந்து பாரு நைனா" என்று நீட்டினார். அவர் முகர்ந்தார். முகர்ந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். "இத்தத்தான் எங்க புள்ளைங்க குடிக்குது" என்று அந்த அம்மா சன்னமாகச் சொன்னார். நான்காம் நாள் பள்ளம் தோண்டிக் குழாய் மாற்றினார்கள்.

எல்லா இடத்திலும் இது அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அவர் மகளைத் திருவல்லிக்கேணியில் கொடுத்திருந்தார். மருமகன் கை நீட்டுகிறவன். சேதி தெரிந்ததும் இந்த அம்மா அந்தச் சந்துக்குப் போய் வீட்டு வாசலில் நின்று அவனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். காலை ஏழு மணியிலிருந்து. சந்து முழுக்க எட்டிப் பார்த்தது. மகள் வெளியே வந்து, "யம்மா, மானம் போவுதும்மா, போய்டு" என்று காலில் விழுந்தாள். இவர் நகரவில்லை. மத்தியானத் தொழுகைக்கு மசூதியில் அழைப்பு கேட்டபோதுதான் அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "இன்னொரு தபா கை வெச்சினா நான் மறுபடியும் வருவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார். ஒரு வருஷம் மகள் தாய்வீட்டுப் பக்கமே வரவில்லை.

"பொண்ணு அழுதாளே, அவ பேச்சைக் கேட்டிருக்கலாம் இல்ல?" என்றேன்.

"அவ அழுதா. அவன் அடிக்கறத நிறுத்திட்டான். ரெண்டுல உனக்கு எது வேணும்?"

அன்று எனக்கு அந்த அம்மாவிடம் கொஞ்சம் பயமாகவே இருந்தது. என் வாசலில் ஒருநாள் இப்படி நின்று என்னைக் கூப்பிட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டேன்.

டெல்லிக் கதைக்கு வருகிறேன்.

ஒருநாள் மீன்காரம்மா தலையில் கூடை இல்லாமல் வந்து நின்றார். "டீச்சரு, வெளிய வா. மீனு இல்ல. மோசம் போய்க்கினு கீது" என்றார். பக்கத்தில் குப்பத்துச் சங்கத்தின் தலைவர், படகு வைத்திருக்கிற ஐம்பது வயதுக்காரர். அவர் கையில் ஒரு வரைபடத்தின் நகல். நாட்டின் கடற்கரை முழுவதற்கும் புதிதாகப் படம் வரைந்து, புதிய விதிகளோடு டெல்லியில் முடிவு செய்யப்போகிறார்களாம். அதில் எங்கள் பக்கத்துக் கடற்கரையைக் காட்டினார். தேவாலயம் இருந்தது. கலங்கரை விளக்கம் இருந்தது. சாலை இருந்தது. குப்பம் இல்லை. வீடுகளும், படகு ஏற்றும் மணலும், வலை காயப்போடும் இடமும், பெண்கள் மீன் விற்கும் வரிசையும் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை.

"படத்துல இல்லாத ஊரைக் காலி பண்ண யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல, டீச்சர்" என்றார் தலைவர். கூட்டத்தொடர் நடக்கும்போது டெல்லிக்குப் போய் நாடாளுமன்றத்துக்கு முன்னால் உட்காரப்போகிறார்கள். இந்தி பேச ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தார்கள்.

குப்பத்தில் ஒரு நடிகரின் ரசிகர் மன்றம் உண்டு. தகரக் கூரை, ஒரு கேரம் போர்டு, கிழிந்த சுவரொட்டிகள், நான்கு பக்கமும் திறப்பு. சண்டை, பஞ்சாயத்து, கல்யாணப் பேச்சு எல்லாம் அங்கேதான். பயணத்தைப் பற்றிப் பேசவும் அங்கேதான் கூடினோம். தலைவர் "நாடாளுமன்றம்" என்று சொல்லும்போதெல்லாம் மீன்காரம்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்.

"அதும் மன்றந்தான?"

"ஆமாக்கா."

"நம்ம தெருவு மன்றத்துக்கே கதவு கெடையாது. யாரு வேணா வந்து குந்தலாம். கூப்ட்டா எழுந்து வரணும். நாட்டுக்கே மன்றம்னா எம்மாம் பெரிய வாசலா இருக்கும்! அங்க நின்னு கூப்ட்டா வராம எங்க போவப்போறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. ஆட்களை மணலில் நடத்திக் கூட்டிப்போய், இது யார் வீடு, இது எந்தப் படகு நிற்குமிடம், இங்கே நெத்திலி காயும், இங்கே கன்னிக்கோயில் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒட்டுப்போட்ட சார்ட் தாள்களில் எங்கள் படம் ஒன்று வளர்ந்தது. தமிழில் எழுதியிருந்த ஒவ்வொரு பெயருக்குக் கீழும் நான் இந்தியில் எழுதினேன். சுருட்டினால் ஆள் உயரம் வந்தது. "இத்த விரிச்சிக் காட்டுவோம். கண்ணால பாத்துட்டு அப்பால இல்லன்னு சொல்லட்டும்" என்றார் மீன்காரம்மா.

ரயிலில் முப்பது பேர் போனோம். விஜயவாடா தாண்டியதும் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"'வெளிய வா'ன்றத்துக்கு இந்தில இன்னா?"

"பாஹர் ஆவோ."

"அதுல மருவாத கீதா?"

"கம்மிதான். மரியாதையா சொல்லணும்னா 'பாஹர் ஆயியே'. வெளியே வாருங்கள்னு அர்த்தம்."

"அதான் வோணும். மொதல்ல மருவாதையாத்தான் கூப்புடணும்." நாக்பூர் வருவதற்குள் அதை மீன் விற்கிற ராகத்தில் உட்காரவைத்துவிட்டார். எதிர் இருக்கையில் இருந்த வடநாட்டுக் குடும்பம் அந்த அம்மாவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தது.

டெல்லியில் இறங்கிய மறுநாள் காலை எங்களை ஒரு சாலையில் கொண்டுபோய் விட்டார்கள். போராடுவதற்கென்று அனுமதித்த இடம் அது. அங்கிருந்து நாடாளுமன்றம் தெரியாது. மரம் தெரிந்தது, மரத்துக்கு முன்னால் மஞ்சள் இரும்புத் தடுப்பு தெரிந்தது, தடுப்புக்கு முன்னால் போலீஸ் தெரிந்தது. "எங்க மன்றம்?" என்று மீன்காரம்மா கேட்டார். நான் ஒரு போலீஸ்காரரிடம் கேட்டேன். அவர் மரங்களுக்கு அப்பால் எங்கேயோ கையை வீசினார்.

சாலை முழுக்க ஜனம். வேலை நிரந்தரம் கேட்டு வந்த ஆசிரியைகள், கோதுமை விலைக்காக வந்த விவசாயிகள், சக்கர நாற்காலிகளில் ஒரு கூட்டம், காணாமல்போன மகனின் படத்தை மார்பில் குத்திக்கொண்டு ஒரு தாயும் தகப்பனும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மைக். ஒவ்வொரு மைக்கிலும் ஒரு மொழி. ஆசிரியைகள் விவசாயிகளைப் பார்த்து முழங்கினார்கள், விவசாயிகள் எங்களைப் பார்த்து முழங்கினார்கள். மீன்காரம்மா ஒரு மணி நேரம் சாலையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னா டீச்சரு இது? பாவப்பட்டவங்க எல்லாம் ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கினு கீறாங்க. கேக்க வேண்டியவன் எங்க?"

அந்தக் கேள்வியை அன்று அந்தச் சாலையில் வேறு யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. மைக் பிடித்தவர்கள் யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அத்தனை பேரையும் ஒரு தெருவில் அடைத்து, நீங்களே கத்தி நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார்கள். இதற்கு அனுமதி வாங்க மூன்று வாரம் அலைந்திருக்கிறோம்.

அவர் நேராகத் தடுப்புக்குப் போனார். இரண்டு கையாலும் இரும்பைப் பிடித்துக்கொண்டு, மரங்களைப் பார்த்துக் கூப்பிட்டார். "பாஹர் ஆயியே!"

முதலில் போலீஸ்காரர்களே சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மூச்சு விட்டு, மறுபடி, மறுபடி. கால் மணி நேரம் கழித்து விவசாயிகள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி எழுந்து வந்து பக்கத்தில் நின்று கூடவே கூப்பிட்டாள். அவள் பேச்சு எனக்கே பாதி புரியவில்லை. அப்புறம் ஆசிரியைகள். அப்புறம் அந்தத் தகப்பன். மைக்குகள் ஒவ்வொன்றாக நின்றன. சாலையே ஒரு பக்கமாகத் திரும்பி அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னது. வாழ்க! ஒழிக! என்று எதுவும் இல்லை. வெளியே வாருங்கள், அவ்வளவுதான். எங்கிருந்தோ கேமராக்காரர்கள் ஓடி வந்தார்கள். என் வாழ்நாளில் நான் சொல்லிக்கொடுத்த இந்தி உருப்படியாகப் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

போலீஸ்காரர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஓர் அதிகாரி வந்தார். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, எங்கள் ஆட்களில் யாருக்கு இந்தி தெரியும் என்று கேட்டார். நான் போனேன்.

அவர் சொன்னது இது. ஐந்து பேர் வரலாம். வண்டியில் கூட்டிப்போய் மனு கொடுக்கவைக்கிறோம். அதற்குமுன் இந்த அம்மா கூப்பிடுவதை நிறுத்தவேண்டும். நான் இலக்கணம் தப்பாமல் பதில் சொன்னேன். எங்கள் கோரிக்கையைப் பொறுப்பில் இருக்கிற ஒருவர் நேரில் வந்து பார்க்கவேண்டும் என்றேன். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேடம், உங்கள் இந்தி எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! இங்கே பிறந்தவர்கள்கூட இப்படிப் பேசுவதில்லை" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். குளிர்ந்துபோனேன். இருபத்திரண்டு வருஷமாகப் பரீட்சை எழுதியும் எழுதவைத்தும் வளர்த்த இந்தி. விந்தியத்துக்கு அந்தப் பக்கத்து மனிதர் ஒருவர்கூட அதுவரை அதைக் கேட்டு நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. அந்த நேரத்தில் எனக்குக் குப்பமும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை.

அவரே மறுபடி சொன்னார். "சுன்வாயி ஹோ ஜாயேகி." விசாரணை நடந்துவிடும் என்று அர்த்தம். யார் விசாரிப்பார்கள், எங்கே, எப்போது, ஒன்றும் அதில் இல்லை. செய்கிறவன் பெயரை விழுங்கிவிட்டு வாக்கியம் அமைப்பது எப்படி என்று பிள்ளைகளுக்கு நானே ஐந்து மதிப்பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குத் தெரியாததில்லை.

மீன்காரம்மா தடுப்பை விடாமல் தலையை மட்டும் திருப்பி, "இன்னா சொல்றான்?" என்று கேட்டார். தலைவர், கிடைத்ததை விட்டுவிடாதே என்று கெஞ்சுவதுபோல் என்னைப் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. அதிகாரி சிரித்த முகமாக நின்றார்.

"பெரியவங்க வெளிய வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காங்களாம். நாம அஞ்சு பேர் மட்டும் படத்தை எடுத்துக்கிட்டு வரணுமாம்" என்றேன்.

"மெய்யாலுமா?"

"ஆமாம்மா."

அவர் தடுப்பிலிருந்து கையை எடுத்தார். இரும்பைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை கன்றியிருந்தது. பக்கத்தில் நின்ற கிழவியின் தோளைத் தட்டி, தமிழிலேயே, "வராங்களாம்" என்று சிரித்தார். கூட்டம் கைதட்டியது.

வண்டி நாடாளுமன்றத்துக்குப் போகவில்லை. எத்தனையோ வளைவு வளைந்து ஏதோ ஓர் அரசுக் கட்டடத்தின் பின்பக்கம் நின்றது. சுவரில் ஒரு கறுப்புக் கண்ணாடிச் சன்னல். அதன் அடியில் ஒரு சாண் அகலத்துக்குத் திறப்பு. அதிலிருந்து ஒரு கை வந்தது. மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிய கை. தலைவர் கொடுத்த மனுவை வாங்கி, முத்திரை குத்தி, பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்டு, ஒரு சீட்டை வெளியே தள்ளியது. மீன்காரம்மாவின் பெயர் கடைசித் தடவை தப்பாக எழுதப்பட்டது அந்தச் சீட்டில்தான். சுருட்டிய படத்தை நீட்டினோம். திறப்பில் அது நுழையவில்லை. தாள் மட்டும்தான், இதெல்லாம் வாங்குவதில்லை என்பதுபோல் கை அசைந்தது.

மீன்காரம்மா குனிந்து திறப்பு வழியாகப் பார்த்தார். உள்ளே ஒரு சட்டையின் பொத்தான்கள் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். "மூஞ்சி எங்க டீச்சரு?" என்று கேட்டார். "வெளிய வருவாங்கன்னு சொன்னியே, எந்த வழியா வருவாங்க?"

நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் என் முகம்தான் தெரிந்தது. திறப்பின் கதவு மூடிக்கொண்டது. மதிய உணவு நேரமாம்.

திரும்பி வந்தபோது சாலையில் யாரும் இல்லை. நாங்கள் ஐந்து பேரும் வண்டியேறியதுமே, உங்கள் ஆட்களை உள்ளே கூப்பிட்டுப் பேசுகிறார்கள், இனி இங்கே என்ன வேலை என்று சொல்லி எல்லோரையும் பஸ்களில் ஏற்றி ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டிருந்தார்கள். பதாகைகள் குவிந்து கிடந்தன. ஒற்றைச் செருப்புகள் கிடந்தன. மாலைச் செய்தியில் எங்கள் சாலை வந்தது. போராட்டக்காரர்களின் பிரதிநிதிகளைச் சந்தித்து மனு பெறப்பட்டது என்று சொன்னார்கள். சந்தித்தது ஒரு கை.

"அந்த போலீசு சொன்னத, அவன் சொன்ன மாதிரியே சொல்லு" என்றார் மீன்காரம்மா, சாலையோரத்தில் உட்கார்ந்துகொண்டு. சொன்னேன். இந்தியில் சொல்லி, சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு கன்றிய உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ரயிலில் வேறு பெட்டியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் என் வாசலில் நிற்கவில்லை. எங்கள் தெருவுக்கு வருவார், பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிடுவார், என் கேட்டைத் தாண்டிப் போய்விடுவார். நான் பாத்திரத்தோடு வெளியே வந்து நின்றாலும் போய்விடுவார். ஐப்பசி மழைக்கு முன்னால் வரைபடம் முடிவாகிவிட்டது என்று தலைவர் வந்து சொன்னார். குப்பத்தின் வீட்டுச் சுவர்களில் சிவப்பில் எண் எழுதினார்கள். கடலிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில், தெற்கே எங்கேயோ ஓர் அடுக்குமாடியில், அந்த அம்மாவுக்கு ஏழாவது மாடியில் ஒரு வீடு ஒதுக்கினார்கள். இன்று அந்த மணலில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். காலையில் என் வீட்டுக்காரரின் முதலாளி அங்கேதான் நடக்கிறாராம். காற்று நன்றாக இருக்கிறதாம்.

காலி செய்வதற்கு முந்தைய வாரம் அவர் வந்தார். நான் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி. கூடை இல்லை, கையில் கைபேசி. கேட்டுக்கு வெளியே நின்று, குரலை உயர்த்தாமல், "டீச்சரு" என்றார். ஓடினேன்.

"இதுல இந்தில இன்னாவோ வந்துக்கீது. படி. மாத்தாம படி."

டெல்லியில் அந்தச் சன்னலில் அவர் கொடுத்திருந்த எண்ணுக்கு வந்த செய்தி. ஒரே வரி. படித்தேன்.

"உங்கள் மனு தீர்த்துவைக்கப்பட்டதுன்னு போட்டிருக்கு."

"யாரு தீத்தாங்க?"

"பேர் இல்லம்மா."

"யாராவது படத்தப் பாத்தாங்களா? குப்பத்துக்கு வந்தாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் எழுதல. தீர்த்துவைக்கப்பட்டது. அவ்வளவுதான் இருக்கு."

கைபேசியை வாங்கி, அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்போனேன். நீங்கள் அங்கேயே நின்று கூப்பிட்டிருந்தாலும் அவர்கள் வந்திருக்கவா போகிறார்கள் என்றும் சொல்லப்போனேன். இரண்டாவதுதான் முதலில் வாயில் வந்தது.

அவர் கோபப்படவில்லை. பாடம் புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாகத்தான் சொன்னார்.

"வந்திருப்பாங்கன்னு நான் சொல்லல டீச்சரு. கூப்ட்டும் வரலன்றத அம்மாம் ஜனமும் பாத்திருக்கும். நீ அவங்கள வந்த மாதிரி ஆக்கிட்ட."